தோல்

(தருமபுரியில் நடந்த மாணவர் – வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உடலும் சாதியும்’. உடல் என்று தொடங்கினால் நம்ம ஆட்கள் நேராகத் தத்துவத்துக்குப் போய்விடுவோம். போகலாம், தப்பில்லை. ஆனால் நான் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல், பிழைப்பு வங்கியில் குமாஸ்தா வேலை, இடையில் கொஞ்சம் கவிதை. அதனால் உடலில் ஒரே ஒரு உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தோல். தீண்டாமை, தீண்டாமை என்று இவ்வளவு காலம் பேசுகிறோமே, தீண்டுகிற உறுப்பைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறோமா?

ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இதில் குற்றவாளி நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா எங்கள் கவுண்டருக்கு வந்தார். செங்கல் சூளையில் வேலை. அவருடைய கணக்கு முடங்கிக் கிடந்தது. விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆதார் ரேகை வைக்க வேண்டும். வலது கட்டைவிரலை வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், இல்லை. இடது கை, இல்லை. துணியால் துடைத்தோம், தண்ணீர் தொட்டு வைத்தோம். பத்து விரலும் தோற்றது. “ரேகையெல்லாம் செங்கல்லு தின்னுடுச்சி சாமி” என்றார். “ஆயா, சாமின்னு கூப்புடாதீங்க, நானும் நம்ம ஊட்டுப் புள்ளதான்” என்றேன். சொல்லிவிட்டு என்ன செய்தேன்? மேலே உட்கார்ந்திருப்பவர் சொன்னதையே நானும் சொன்னேன்: “தேங்கா எண்ணெ தடவிட்டு ரெண்டு நாள் கழிச்சி வாங்க.” மூன்று முறை வந்தார். மூன்று நாள் கூலி போச்சு. நாலாவது முறை வரவில்லை.

அன்று ராத்திரி பழைய பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அதில் படித்ததையும், பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன்.

வளர்ந்த மனிதனின் தோலை விரித்துப்போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். அடியில் இருக்கிற கொழுப்பைச் சேர்க்காமலே மூன்றரை, நாலு கிலோ எடை. உடம்பின் மிகப் பெரிய உறுப்புகளில் ஒன்று. அதில் மூன்று அடுக்கு. வெளியே மேல்தோல், நடுவில் உட்தோல், அதற்கும் கீழே கொழுப்பும் தளர்ந்த நாரும் கொண்ட தோலடித் திசு.

மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதன் அடிமட்டத்தில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதுசு பிறக்கப் பிறக்கப் பழசு மேலே தள்ளப்படுகிறது. மேலே வர வர உள்ளே கெரட்டின் என்ற புரதம் நிறைகிறது, உட்கரு அழிகிறது, செல் செத்துப்போகிறது. நம்ம உடம்பின் ஆகக் கடைசி எல்லையாக, வெளி உலகத்தைப் பார்த்து நிற்பது செத்த செல்கள் ஓட்டு வில்லை மாதிரி அடுக்கிய ஒரு படலம். கீழே பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம், சிலருக்குக் கொஞ்சம் கூட. தண்ணீர் உள்ளே போகாமலும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே ஓடிவிடாமலும், கிருமி நுழையாமலும் காப்பது இந்தச் செத்த படலம்தான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாவுதான் பெருந்தீட்டு என்கிறது சாஸ்திரம். பிணத்தைத் தொட்டவன் குளிக்க வேண்டும், தூக்கியவன் தூரத்தில் நிற்க வேண்டும். ஆனால் கர்ப்பக்கிருகத்தில் நிற்கிறவரும் தலையிலிருந்து கால்வரை செத்த செல்லைப் போர்த்திக்கொண்டுதான் நிற்கிறார். பூணூல் உரசுவதும் அதன் மேல்தான். ஒருவரை ஒருவர் தொடுகிறபோது முதலில் உரசிக்கொள்வது இரண்டு பேரின் செத்த தோல். இதில் எது யாருக்குத் தீட்டு? எங்க கவுண்டரில் நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறேன். ஊரும் சேரியும் தொட்டுத் தேய்த்த நோட்டு அது. எல்லோரின் தோல் துகளும் அதில் இருக்கிறது. நோட்டை மட்டும் இதுவரை யாரும் தண்ணீர் தெளித்து வாங்கியதில்லை.

மேல்தோலுக்கு அடியில் உட்தோல். கொல்லாஜன் என்ற நார்ப் புரதம் பாய் பின்னிய மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும் பகுதி. நுண்ணிய ரத்தக் குழாய், நரம்பு முனை, முடி வேர் எல்லாம் இதற்குள்தான். வியர்வைச் சுரப்பிகள் இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை உண்டு, உட்தோலின் அடிவரைக்கும் இறங்கிக் கிடக்கும்.

இந்த அடுக்குகளை நான் முதலில் பார்த்தது கல்லூரியின் நுண்நோக்கியில் இல்லை. எங்க தாத்தாவின் கையில். ஊரில் மாடு செத்தால் ஆள் வரும். சூரிக்கத்தியை எடுத்துக்கொண்டு போவார். கத்தி எந்த ஆழத்தில் ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் வெள்ளையாக, சிலந்தி வலை போலத் தளர்ந்த ஒரு படலம் வரும். அதில் ஓட்டினால் தோல் கிழியாது, சதையும் ஒட்டி வராது. புத்தகம் தோலடித் திசு என்று சொல்வது அதைத்தான். உரித்த தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டால் மயிரும் மேல்தோலும் கழன்று வரும். உட்புறச் சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள். நடுவில் மிஞ்சுவது உட்தோல் மட்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தால் அவற்றின் துவர்ப்புச் சத்து கொல்லாஜன் நாரோடு பிணைந்து அழுகாத தோல் ஆகிறது. நாம் போடுகிற செருப்பு எல்லாம் ஒரு மாட்டின் உட்தோல். பறையும் அதே. அடிக்கிறதுக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறோமே, நாரில் இருக்கிற ஈரம் போய் அது இறுகுகிறது. இறுகினால்தான் பேசும்.

இது அறிவு இல்லையா? உடற்கூறு இல்லையா? சுசுருத சம்ஹிதை தோலுக்கு ஏழு அடுக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. பிணத்தை ஓடும் தண்ணீரில் ஏழு ராத்திரி ஊறவைத்து, பிறகு புல், மூங்கில் பட்டை போன்றவற்றால் ஆன தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு அடுக்காகப் பார்க்க வேண்டும் என்று முறையும் சொல்கிறது. அப்படிப் பார்த்த மருத்துவனுக்கு மனு கொடுத்த மரியாதை என்ன? மருத்துவன் வீட்டுச் சோறு சீழுக்குச் சமம். பக்கத்திலேயே தோல் வெட்டுகிறவனுக்கும் இடம் உண்டு: அவன் சோற்றைத் தின்றால் புகழ் அழியும். நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். உடம்பைத் தொட்டு அறிகிறவன் எவனாக இருந்தாலும் அவன் இழிந்தவன். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தபோது அதை ஒரு பெரிய புரட்சியாகப் பேசினார்கள். பேசட்டும். ஆனால் தொடமாட்டேன் என்று ஒதுங்கியவன் அறிவாளி, தொட்டுத் தெரிந்துகொண்டவன் தீண்டத்தகாதவன் என்ற கணக்கு எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் கத்தியைப் பெருமையாகப் பேசுவதால், அந்தத் தொழிலை நாம் தொடர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. செத்த மாட்டைத் தூக்காதே என்று 1927-லேயே மகாடில் அண்ணல் சொன்னார். எங்கப்பா கத்தியைத் தொடவில்லை. அது சரிதான். அறிவு நம்முடையது, கட்டாயம் அவர்களுடையது. கட்டாயத்தைத் தூக்கி எறிகிறபோது அறிவையும் சேர்த்து வெட்கப்பட்டு எறிந்துவிட்டோமோ என்பதுதான் என் கேள்வி.

கட்டாயம் போய்விட்டதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்கே டேனரிகளில் மயிர் உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். மாட்டு மயிரின் கெரட்டினை அது அறுத்துக் கரைக்கிறது. உழைக்கிறவன் கைத் தோலிலும் இருப்பது கெரட்டின்தானே? மாட்டுக்கு ஒரு நியாயம் மனுசனுக்கு ஒரு நியாயம் என்று ரசாயனத்துக்குத் தெரியாது. கையுறை இல்லாத கை வெந்துபோகும். குரோமியத்தின் ஒரு வடிவம் தோலில் ஓட்டை விழுந்த மாதிரிப் புண் உண்டாக்கும். பாலாற்றுப் படுகை நாசமான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகும் 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். தோல் தொழிலில் முதலில் உரியப்படுவது யாருடைய தோல் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து நிறம். மேல்தோலின் அடிமட்டத்தில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. கறுத்தவன், சிவந்தவன், வெள்ளைக்காரன் எல்லோருக்கும் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது அவை செய்யும் மெலனின் துகள்களின் அளவும் வகையும் பரவலும். அந்தத் துகள் கீழே இருக்கிற செல்லின் உட்கருவுக்கு மேல் குடை மாதிரி நின்று, வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. தருமபுரி வெயிலுக்கு நம்ம உடம்பு பிடித்த குடையின் பெயர்தான் கறுப்பு. இந்தக் குடையைச் சுரண்டிவிடச் சொல்லி 1975-ல் ஒரு களிம்பு வந்தது, ஃபேர் அண்ட் லவ்லி. 2020-ல் பெயரை மாற்றி ‘குளோ’ என்றார்கள். பெயர் மாறியது, பெண் பார்க்கிற வீட்டில் பேச்சு மாறவில்லை.

அதே சமயம் நிறம்தான் சாதி என்று நம்ம பக்கத்திலும் சிலர் பேசுகிறோம். அது பிழை. கறுத்த பார்ப்பனரும் உண்டு, சிவந்த பறையரும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்தார், தலையை அளந்தார், 1909-ல் ஏழு தொகுதி வெளியிட்டார். அந்தக் காலத்து அளவைக்காரர்கள் சேர்த்த மூக்குக் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டு, தீண்டப்படாதாரும் பார்ப்பனரும் வேறு வேறு இனம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1948-ல் ‘தீண்டப்படாதார்’ நூலில் அம்பேத்கர் நிறுவினார். எதிரியின் அளவுகோலாலேயே எதிரியை அளந்த வேலை அது. சாதி தோலில் இல்லை. தோலின் மேல் எழுதுகிறார்கள்.

இப்போது தொடுதலுக்கு வருகிறேன். விரல் நுனியில், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, மெய்ஸ்னர் கண்டுபிடித்த நுண் உறுப்புகள் இருக்கின்றன. லேசான உரசலை உணர்வது அவை. மெர்க்கல் செல்கள் அழுத்தத்தையும் ஓரத்தையும் சொல்லும். ஆழத்தில் இருக்கிற பாசினி உறுப்புகள் அதிர்வை உணரும். பறை அடிக்கிறபோது கைவழியாக ஏறுகிறதே, அது இவற்றின் வேலை. 2021-ல் மருத்துவ நோபல் பரிசு இரண்டு பேருக்குப் போனது. டேவிட் ஜூலியஸ் மிளகாயின் காரத்தைக் கொண்டு, சூட்டை உணரும் வாயிலைக் கண்டுபிடித்தார். மிளகாய் ‘எரிகிறது’ என்று நம்ம ஆயா சொன்னது உவமை இல்லை, நரம்புக்கு இரண்டும் ஒரே சேதிதான். ஆர்டெம் பட்டபூட்டியன் அழுத்தத்தை உணரும் வாயிலைக் கண்டுபிடித்தார்.

அழுத்தம், சூடு மட்டும் இல்லை. மெதுவாகத் தடவிக்கொடுப்பதற்கென்றே மறுமொழி தருகிற நரம்பிழைகள் முடி உள்ள தோலில் இருக்கின்றன. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், கருவி போதாத ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்புத் தோலோடு ஒட்டிக் கட்டிவைக்கச் சொன்னார். பிள்ளைகள் பிழைத்தன. இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. மனிதக் குட்டி உயிரோடு இருக்கவே இன்னொரு தோல் வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

அப்படிப்பட்ட ஓர் உயிரினத்தில், ஒரு பகுதியைப் பார்த்து இன்னொரு பகுதி “தொடாதே” என்கிறது. 2024 பிப்ரவரியில், நம்ம மாவட்டத்திலேயே, வயல் வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் கைதானார்கள். தனி டம்ளர் ஒழிந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள், டம்ளர் போய்க் கொட்டாங்குச்சி வந்திருக்கிறது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தொடாதே என்கிற சாதி, தனக்கு வேண்டிய இடத்தில் தொடும். நாற்று நட்ட கை தீட்டு, நட்ட நெல் தீட்டு இல்லை. பகலில் தீட்டான பெண் உடம்பு இருட்டில் தீட்டில்லை. இரண்டு பேர் விரும்பித் தொட்டுக்கொண்டால்தான் ஊர் எரியும். 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் எரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். தீண்டாமை என்பது தொடாமல் இருப்பது அல்ல தோழர்களே. யார், யாரை, எப்போது தொடலாம் என்று முடிவு பண்ணுகிற அதிகாரம்.

வலியைப் பற்றிச் சொல்லிவிட்டு ரேகைக்குத் திரும்புகிறேன். 1914-ல் நம்ம பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், பிறகு வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராக இருந்தார். தொழுநோயில் விரல் அழுகி உதிர்கிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடு பட்டும் வெட்டுப் பட்டும், தூக்கத்தில் எலி கடித்தும்கூட விரல் போகிறது என்று அவர் காட்டினார். வலி தெரியாத உறுப்பை உடம்பு காப்பாற்றிக்கொள்ளாது. அந்த நோயைத் திட்டுவதற்கு உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த நோயாளிகளும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட நம்ம ஆட்கள்தான், இன்று மருந்தில் முழுக்கக் குணமாகிற நோய் அது. நான் கேட்பது வேறு. நத்தம் எரிந்தபோது பக்கத்து ஊரில் எத்தனை பேருக்குச் சுட்டது? சொரணை என்று நம்ம பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. தோலுக்கும் மானத்துக்கும் ஒரே சொல். அது மொத்த உடம்புக்கும் இருந்தால்தான் உடம்பு.

இப்போது ரேகை. விரல் நுனியில் உட்தோலின் மேல்விளிம்பு மேடும் பள்ளமுமாக எழுந்து மேல்தோலுக்குள் சொருகி நிற்கிறது. அந்த வரிசைதான் வெளியே ரேகையாகத் தெரிகிறது. தாய் வயிற்றில் மூன்றாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் அமைந்துவிடும், சாகும்வரை வடிவம் மாறாது. இதை அடையாளமாக்க முடியும் என்று முதலில் பெரிய அளவில் செய்துபார்த்தது இந்த நாட்டில்தான். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. ரேகைகளை வகைபிரிக்கும் கணக்கைப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்கள், பெயர் மட்டும் எட்வர்ட் ஹென்றிக்கு. பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சட்டம் 1871-ல் வந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் மக்கள் உட்படப் பல சாதிகளின் கட்டைவிரலை அரசு பிடித்து மையில் அழுத்தியது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்கமாட்டோம் என்ற கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டது. அந்தச் சாதியோடு நமக்குத் தெற்கில் தீராத கணக்கு இருக்கிறது. ஆனாலும் அந்த மறுப்பு நியாயமான மறுப்பு, அதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அன்று விரலை வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். இன்று நாமே போய் நீட்டுகிறோம், விரல் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லும் மேல்தோலை அரைத்து எடுக்கின்றன. சில இடத்தில் தேயும், சில இடத்தில் காய்த்துப்போகும். ஆனால் ரேகையின் அச்சு உட்தோலில் பத்திரமாக இருக்கிறது. ஆழக் காயம் படாதவரை அது அழியாது. கைக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் அதே ரேகை அப்படியே திரும்ப வரும். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆயாவின் அடையாளம் தொலையவில்லை, ஒரு மாத ஓய்வுக்கு அடியில் இருக்கிறது. யார் கொடுப்பார்கள் அந்த ஒரு மாதத்தை? தேங்காய் எண்ணெயா கொடுக்கும்?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், அதுதான் அதிகம் சுட்டது. வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று 2018 செப்டம்பர் 26-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாக்காளர் அட்டையை வைத்தே விவரங்களைப் புதுப்பித்திருக்கலாம், ரிசர்வ் வங்கி விதியே அதை ஏற்கிறது. அந்த அம்மாவின் சுருக்குப் பையில் வாக்காளர் அட்டை இருந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மேலே இருப்பவரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நானும் நம்ம ஊட்டுப் புள்ளதான் என்று வாயால் சொன்னது எவ்வளவு சுலபம்!

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகவரியைத் தேடிக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படிவத்தை நானே எழுதினேன். கையெழுத்து இடத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன். வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ஆனாலும் அந்த விரலைப் பிடித்தபோது எனக்குத் தெரிந்தது. உள்ளங்கை எருமைத் தோல் மாதிரி தடித்திருந்தது. நடுவில் சூடு இருந்தது. வெங்காயம் போடலாமா என்று கேட்டு, எனக்கும் சேர்த்துக் களி கிண்டினார். கணக்கு அடுத்த வாரம் திறந்தது.

மாணவத் தோழர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ரேகை விழாமல் ரேஷனுக்கும் வங்கிக்கும் அலைகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களோடு போங்கள். வேறு வழி உண்டு என்று சட்டத்தைச் சொல்லுங்கள், கண் பதிவு உண்டா, வேறு அட்டை ஏற்பீர்களா என்று கேளுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருந்தால், அவனிடம் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடுங்கள். அவனுக்கும் தோல் இருக்கிறது, சுடட்டும்.